ஏழாவது பத்தி

2023 மே 22, திங்கள்

வியாழக்கிழமை நடக்கப்போகும் கூட்டத்தின் மினிட்ஸை இன்று மதியமே எழுதி முடித்துவிட்டேன். குழு எதை விரிவாக விவாதித்தது, எதில் திருப்தி அடைந்தது, யாருக்கு நன்றி சொன்னது எல்லாம் ஆகிவிட்டது. தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும்தான் பாக்கி. அதற்கு இரண்டு இடம் காலியாக விட்டிருக்கிறேன்.

ஆதிநீர் பம்ப்ஸில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. கம்பெனி செகரட்டரி பாஷ்யம் சாருக்கு நான் உதவியாளர். சேர்ந்த புதிதில், நடக்காத கூட்டத்தை எப்படி சார் எழுதுவது என்று கேட்டேன். "நடந்த பிறகு எழுதினா, நடந்ததையெல்லாம் எழுதணும் போலத் தோணும்மா" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

இது தணிக்கைக் குழுவின் கூட்டம். பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளுக்கு இப்படி ஒரு குழு கட்டாயம். கம்பெனி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் கணக்கை, கம்பெனியில் சம்பளம் வாங்காத சிலர் உட்கார்ந்து சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஆசை. சந்தேகப்படுவதற்கு ஒரு நாளைக்கு இருபதாயிரம் ரூபாய் கொடுக்கிறோம். வறுத்த முந்திரியும் உண்டு.

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. துணி இரண்டு நாளாக வாளியில் ஊறுகிறது.

மே 25, வியாழன்

கூட்டம் முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. காலி இடங்களில் 11.00 என்றும் 12.40 என்றும் எழுதச் சொன்னார் பாஷ்யம் சார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் தணிகாசலம், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எம்.டி.யின் அப்பாவோடு முப்பது வருடம் சீட்டாடியவர். இரண்டாவது, எம்.டி. விஜயகோபாலேதான். மூன்றாவது ஒரு ஆடிட்டர், குழுவில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள். அவர் இன்று முந்திரியைத் தொடவில்லை. முடிந்ததும் ஓர் உறையைப் பாஷ்யம் சார் கையில் கொடுத்துவிட்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கிப் போனார். ராஜினாமா. சொந்தக் காரணங்களுக்காக என்று போட்டிருந்தது.

என்ன சொந்தக் காரணம் என்று கேட்டேன்.

"சொந்தப் பேரு" என்றார் பாஷ்யம் சார்.

ஜூன் 19, திங்கள்

குழுவுக்குப் புது ஆள் கிடைத்துவிட்டார். டாக்டர் ஹெப்சிபா சாமுவேல். தாவரவியல் பேராசிரியை, பிறகு ஒரு பெண்கள் கல்லூரியில் ஒன்பது வருடம் முதல்வர், இப்போது ஓய்வு. எம்.டி.யின் மனைவிக்கு வகுப்பு எடுத்தவர். ரொம்ப மரியாதையான அம்மா, ஏசு உண்டு தான் உண்டு என்று இருப்பவர் என்று எம்.டி. சொன்னாராம்.

சட்டம் இரண்டு விஷயம் கேட்கிறது. குழுவில் இருக்கிற எல்லோருக்கும் நிதி அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்காவது கணக்கிலோ நிதி மேலாண்மையிலோ உண்மையான நிபுணத்துவம் வேண்டும். அந்த ஒருவர்தான் படியில் இறங்கிப் போய்விட்டார். அதனால் தாவரவியல் பேராசிரியையை நிதி நிபுணராக்கும் வேலை என்னிடம் வந்தது.

ஆறு வரியில் அவருடைய தன்விவரம் எழுதினேன். கல்லூரி நிதிக் குழுவின் தலைவராக ஒன்பது ஆண்டு. மானியக் குழுத் திட்டங்களின் நிதி மேற்பார்வை. ஒரு கட்டடக் குழு. கடைசி வரி: "நிதி மேலாண்மையிலும் உள்தணிக்கையிலும் ஆழ்ந்த நிபுணத்துவம் கொண்டவர்." முதல் ஐந்து வரியும் உண்மை. அந்த ஐந்தும் நிற்பதால் ஆறாவதும் நின்றுகொண்டது. நல்ல உரைநடையின் அபாயம் இதுதான் என்று எங்கேயோ படித்த ஞாபகம்.

பாஷ்யம் சார் இரண்டு தடவை படித்தார். "நீ கதை எழுதலாம்மா" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 28, புதன்

ஹெப்சிபா மேடம் கையெழுத்துப் போட வந்தார். ஒல்லி, வெளுத்த பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. தன்விவரத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படித்தார்.

"ஆறாவது வரியில இருக்கது யாரும்மா?" என்று என்னைக் கேட்டார்.

பாஷ்யம் சார் முந்திக்கொண்டு, இதெல்லாம் சட்டத்தின் பாஷை, ஒரு கல்லூரியையே நடத்தியவருக்கு இது பெரிய விஷயமா, அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும் என்று சொன்னார்.

"அப்பம் படிச்சிருதேன். ஒப்புக்குத் தலையாட்ட எனக்கு வராது பாத்துக்கிடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். பாளையங்கோட்டைப் பேச்சு. கோயமுத்தூருக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் மாறவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

அவருக்கு முதல் கூட்டம். கைப்பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடநூல். ஓரம் முழுக்கப் பென்சில் குறிப்பு. தணிகாசலம் எட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சைக்குப் படிக்கறீங்களாக்கும்" என்றார். "ஆமா சார், நீங்க எந்த வருஷம் பாஸானிய?" என்று மேடம் கேட்டார். எம்.டி.கூடச் சிரித்துவிட்டார்.

அதன்பிறகு நாற்பது நிமிடத்தில் பதினொரு கேள்வி. ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. கிடங்கில் இருக்கும் பம்ப்புகள் எல்லாம் போன நிதியாண்டில் செய்த புதுச் சரக்கு என்று அறிக்கை சொல்கிறது. அப்படிச் சொல்வது யார், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? வருடாவருடம் எண்ணி அட்டை கட்டுகிறார்கள் என்றார் எம்.டி. "அட்டையை எண்ணுதாங்களா, பம்ப்பை எண்ணுதாங்களா?"

முன்கூட்டியே எழுதிய மினிட்ஸ் இன்று முதல்முறையாக உதவவில்லை. திரும்ப எழுதினேன். பாஷ்யம் சார் பதினொன்றை மூன்றாக்கினார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மூன்று புடவைக்குக் கஞ்சி போட்டேன். நூலகத்தில் எடுத்த நாவல் அபராதத்தோடு திரும்பிப் போனது. அம்மா போனில் வரன் பேச்சு.

அக்டோபர் 18, புதன்

மேடம் கிடங்கைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று எம்.டி. மும்பையில். பாஷ்யம் சார், கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வா, அரை மணி நேரம் போதும் என்று என்னை அனுப்பினார்.

சூலூர் தாண்டிப் பெரிய தகரக் கொட்டகை. ஒரு பக்கம் சுவர் இல்லை. கைப்பேசிகளை வாசலில் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு மேல் வரிசை வரிசையாக. எல்லாவற்றிலும் புத்தம் புது அட்டை: வந்த நாள், மார்ச் 2023. கிடங்குப் பொறுப்பாளர் போன பங்குனியில் வந்த சரக்கு என்று ஒப்பித்தார். எங்களோடு கடைசி வரிசைவரை வரவில்லை.

மேடம் அட்டைகளைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான்காம் வரிசையின் கோடியில் சட்டென்று குந்தி உட்கார்ந்தார். மண் தரையிலிருந்து ஒரு கொடி ஏறியிருந்தது. வேலிப்பருத்தி. எங்கள் ஊர் கோபியில் வேலியெல்லாம் இதுதான். நான் அதைக் கொடி என்பதற்கு மேல் பார்த்ததில்லை.

"இங்க வா வான்மதி. தொட்டுப் பாரு."

அடித்தண்டு என் சுண்டுவிரல் பருமன், மரம் போல இறுகியிருந்தது. பெட்டியின் இரண்டு சட்டங்களுக்கு இடையில் நுழைந்து, பக்கத்துப் பெட்டிக்குள் போய், அதன் மேல்சந்து வழியாக வெளியே வந்திருந்தது. சந்துக்குள் இறுகி, இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. பெட்டியை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் தண்டு முறிந்திருக்கும். பச்சைக் கொடிக்குக் கீழே போன கோடையில் காய்ந்தது ஒரு சுற்று, அதற்குக் கீழே நிறம் கறுத்து இன்னொரு சுற்று.

"வேலிப்பருத்தி அடி இவ்வளவு முத்தணும்னா மூணு மழையாவது பாத்திருக்கணும். இந்தப் பெட்டி வந்து ஏழு மாசம்னு அட்டை சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. செடிக்குப் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒண்ணுமில்ல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பழைய, விற்காத பம்ப்புக்கு மதிப்பு இல்லை. அதைப் புதுச் சரக்கு என்று காட்டினால், கம்பெனியின் நஷ்டம் காகிதத்தில் லாபமாகிவிடும். வருடாவருடம் மாறியது அட்டை மட்டும்தான். படியில் இறங்கிப் போனவருக்கு இது தெரிந்திருக்கும்.

மேடம் கைப்பையில் செய்தித்தாள் மடித்து வைத்திருந்தார். பூவும் இரட்டைக் காயும் இருந்த ஒரு கிளையை வெட்டி அதில் பரப்பினார். பெட்டி எண்களை என்னைப் படிக்கச் சொன்னார். 4471, 4472. எழுதிக்கொண்டார்.

எதற்கு மேடம் என்றேன்.

"எங்க எடுத்தது, என்னைக்கு எடுத்தது, யாரு எடுத்தது, கூட யாரு இருந்தா. இது இல்லைன்னா வெறும் சருகும்மா."

திரும்பும்போது மேடம் காரை வழியில் நிறுத்தி எனக்குச் சூடாக வடை வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 8, புதன்

கூட்டம் இரண்டு மணி நேரம். நிஜமான இரண்டு மணி நேரம்.

சரக்கு பற்றிய ஏழாவது பொருள் வந்ததும் மேடம் எழுந்து நின்றார், வகுப்பில் நிற்பது போல. கொடியைச் சொன்னார், பெட்டி எண்ணைச் சொன்னார், மூன்று மழையைச் சொன்னார். அந்த வரிசையையாவது பிரித்து, பம்ப்பின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, எந்த வருடம் செய்தது என்று குழுவுக்கு எழுதித் தர வேண்டும், அதுவரை இந்தக் காலாண்டு அறிக்கைக்குத் தன்னால் ஒப்புதல் தர முடியாது என்றார். நான் ஒரு சொல் விடாமல் குறிப்பு நோட்டில் எழுதினேன். ஒரு பக்கம் வந்தது.

"மேடம், நாம பம்ப்பு விக்கறோமுங்க. மூலிகை விக்கறதில்லீங்க" என்றார் தணிகாசலம்.

எம்.டி. சிரிக்கவில்லை. மேடத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மிகவும் மரியாதையாக, "பாத்துறலாங்க மேடம். நீங்க சொல்லிப்போட்டீங்கல்ல, பாத்துறலாம்" என்றார்.

பார்த்துவிடலாம் என்றதை மேடம் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நவம்பர் 9, வியாழன்

ஏழாவது பத்தி இப்போது இரண்டு வரி. "கையிருப்புச் சரிபார்ப்பு அறிக்கையைக் குழு பரிசீலித்தது. விளக்கங்களில் திருப்தி அடைந்து, அறிக்கைக்கு ஒருமனதாக ஒப்புதல் அளித்தது."

பாஷ்யம் சார் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். சம்பந்தமில்லாததை நீக்கும் உரிமை தலைவருக்கு உண்டு, தணிகாசலம் நீக்கச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான் என்றார். ஒருமனதாக என்பதை மட்டும் விட்டுவிடலாமே என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மார்ச்சோட நான் போறேன். இந்த நாற்காலிக்கு வெளியிலேர்ந்து ஆள் எடுக்கறதா, உன்னைப் போடறதான்னு நேத்து சாயங்காலம் எம்.டி. கேட்டார். வான்மதி போதும்னு சொல்லியிருக்கேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எழுத்துப்பிழை இருக்கான்னு ஒரு தரம் பாத்துடு" என்றார்.

பார்த்தேன். இல்லை.

வரைவை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். திருத்தம் சொல்ல ஏழு நாள் அவகாசம். மேடம் கட்டாயம் சொல்வார். அது எனக்கும் தெரியும், பாஷ்யம் சாருக்கும் தெரியும்.

கிடங்கில் இன்று தீபாவளிச் சுத்தம் என்று ஆட்கள் போயிருக்கிறார்களாம். புல், செடி, கொடி எல்லாம் எடுக்கிறார்கள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கோபி. பட்டாசுச் சத்தத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. அப்பா என் சம்பளம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

நவம்பர் 18, சனி

காலையில் ஹெப்சிபா மேடத்தின் வீட்டுக்குப் போனேன். அவருக்குச் செவ்வாய்க்கிழமை கண்புரை அறுவை நடந்தது. ஒரு கண்ணில் மூடி. மற்றதிலும் எழுத்து தெரியாது, ஒரு மாதம் கழித்து அதற்கும் அறுவையாம். வரைவை வந்து வாசித்துக் காட்ட முடியுமா என்று அவரே போன் செய்து கேட்டிருந்தார். பாஷ்யம் சார், போய் வாசித்துவிட்டு வா, திருத்தம் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள் என்றார்.

வாசலில் கொய்யா மரம். வீட்டுக்குள் அலமாரி முழுக்க உலர்த்தி ஒட்டிய செடித் தாள்கள், மேலே நாப்தலின் வாசனை. தனியாக இருக்கிறார். சமையலுக்கு ஒரு அம்மாள் வந்துபோகிறார். எனக்குக் காபி போடச் சொன்னார். கொய்யாவைத் தானே தடவித் தடவி நறுக்கி உப்பு மிளகாய் தூவிக் கொடுத்தார்.

வாசித்தேன். குறிப்பு நோட்டையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். ஏழாவது பத்தி வந்தபோது மேடம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பெட்டி எண் வந்த இடத்தில், "ஆங், அதேதான்" என்றார். முழுப் பக்கமும் முடிந்ததும், நன்றாக எழுதியிருக்கிறாய், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்றார்.

பிறகு கையெழுத்துப் போட்டார். எங்கே போடுவது என்று நான் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

நாவல்களில் இந்த மாதிரி இடங்களில் உள்ளங்கை வியர்க்கும், தொண்டை வறளும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொய்யா நன்றாகவே இருந்தது. நான்கு பழம் பையில் போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 20, திங்கள்

தணிகாசலம் கையெழுத்திட்டுவிட்டார். மினிட்ஸ் இறுதியானதும் குறிப்பு நோட்டின் பக்கங்களை அழிக்க வேண்டும் என்பது நடைமுறை. எங்கள் அலுவலகத்தில் துருவும் இயந்திரத்தில் போடுவோம். அந்தக் காகிதத் துருவல் வீணாவதில்லை. மூட்டை கட்டித் தொழிற்சாலைக்குப் போகும், பம்ப் அடிபடாமல் இருக்கப் பெட்டிக்குள் திணிப்பார்கள். என் கையெழுத்து இந்நேரம் ஏதோ ஒரு பம்ப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் அக்டோபர் 18, நவம்பர் 8 இரண்டும் இந்த டைரியில் இருக்கின்றன. இது அலுவலக ஆவணம் அல்ல. யாருக்கும் இதைப் பற்றித் தெரியாது.

2024 பிப்ரவரி 7, புதன்

கூட்டம். முந்தைய மினிட்ஸை யாரும் கூட்டத்தில் வாசிப்பதில்லை. "வாசித்ததாகக் கொள்ளப்பட்டது" என்று தலைவர் சொல்வார், எல்லோரும் தலையசைப்பார்கள். மேடமும் அசைத்தார். இரண்டு கண்ணும் சரியாகி, மெல்லிய கண்ணாடி போட்டிருந்தார். அந்த வரிசையைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று எம்.டி.யைக் கேட்டார். பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரி என்று ஒரு தாளை நீட்டினார். அவர் தாளை வாங்கிப் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். "நம்ம பசங்கதாங்க மேடம்." மேடம் தாளை மடித்துப் பாடநூலுக்குள் வைத்துக்கொண்டார். மறுபடி கிடங்கைப் பார்க்க வேண்டும் என்றார். போலாங்க என்றார் எம்.டி.

ஏப்ரல் 1, திங்கள்

இன்றிலிருந்து நான் கம்பெனி செகரட்டரி. நாற்காலி பாஷ்யம் சாரின் முதுகுக்குப் பழகிப்போய் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பீளமேட்டில் தனி வீடு பார்த்தாயிற்று. இரண்டாம் மாடி, தண்ணீர் எப்போதும் வரும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜூலையில், சரக்கின் மேல் கடன் கொடுத்த வங்கி அனுப்பிய ஆட்கள் கிடங்கில் பெட்டிகளைத் திறந்தார்கள். பாதிக்கு மேல் ஆறு வருடப் பழசு. துரு. பங்கு விலை மூன்று நாளில் பாதியாகிவிட்டது. சந்தையைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து இன்று நோட்டீஸ் வந்தது: எம்.டி.க்கும் தணிக்கைக் குழுவின் மற்ற இருவருக்கும்.

தணிகாசலத்தின் பதிலைக் கம்பெனி வக்கீல் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தான் ஒரு பொறியாளர். குழுவின் நிதி நிபுணர் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டவர் டாக்டர் ஹெப்சிபா சாமுவேல். அவரே ஒருமனதாக ஒப்புதல் தந்திருக்கும்போது தனக்குச் சந்தேகம் எழ நியாயமில்லை. ஆதாரம், இணைப்பு ஒன்று: அவருடைய தன்விவரம், ஆறாவது வரி. இணைப்பு இரண்டு: நவம்பர் மினிட்ஸ், ஏழாவது பத்தி. இணைப்பு மூன்று: திருத்தம் இல்லை என்று அவர் கையெழுத்திட்ட தாள்.

மூன்றும் நான் எழுதியவை அல்லது வாங்கியவை. இணைப்புகளுக்கு எண் போட்டு நூல் கட்டினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மேடம் போன் செய்தார். நோட்டீஸோடு வந்த மினிட்ஸை அவரே படித்திருக்கிறார்.

"ரெண்டு வரிதாம்மா இருக்கு. நீ வாசிச்சது ஒரு பக்கம். எனக்குத்தான் புத்தி தடுமாறிட்டுதோன்னு ரெண்டு நாளா யோசிக்கேன். நான் கேட்டேன்லா? கொடியைப் பத்திச் சொன்னேன்லா?"

மினிட்ஸில் இருப்பதைத்தானே மேடம் நான் வாசித்திருக்க முடியும் என்றேன்.

அப்புறம் வேறு குரலில் பேசினார். கிடங்கில் எடுத்த செடித் தாள் தன்னிடம் இருக்கிறது. அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று அவருடைய வக்கீல் சொல்கிறாராம். கூட இருந்தவர் ஒத்துக்கொண்டால்தான் செல்லும்.

"உன் பேரு அதுல இருக்கு. உன்னைக் கேக்காமக் குடுக்க மாட்டேன். குடுக்கட்டுமா?"

வேண்டாம் மேடம் என்றேன்.

"சரிம்மா" என்றார். வைப்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேட்டார். பழக்கத்தில் கேட்டிருப்பார்.

மழை வரும்போல இருந்தது. துணிகளை உள்ளே எடுத்தேன்.

2025 மார்ச் 12, புதன்

சென்னை. விசாரணை அதிகாரி இளைஞர். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். மினிட்ஸ் புத்தகத்தை மேசையில் வைக்கச் சொன்னார். கைப்பைக்குள் டிபன் டப்பாவுக்கு அடியில் இந்த டைரி இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்குத் தெரியும். ரயிலில் இரண்டு முறை எடுத்துப் படித்தேன். அக்டோபர் 18 இருக்கிறது, நவம்பர் 8 இருக்கிறது. ஆனால் அவற்றை மட்டும் கிழித்துக் கொடுக்க முடியாது. அடுத்து நவம்பர் 9 இருக்கிறது. 18 இருக்கிறது.

நவம்பர் 8 கூட்டத்தில் டாக்டர் ஹெப்சிபா சாமுவேல் மினிட்ஸில் இல்லாத ஆட்சேபம் எதையாவது எழுப்பினாரா என்று கேட்டார்.

"கூட்டத்துல நடந்ததெல்லாம் மினிட்ஸ்ல இருக்கு சார்" என்றேன்.

வரைவை அவர் வீட்டில் வாசித்தபோது இதில் இல்லாத எதையாவது வாசித்தீர்களா?

"இல்ல சார்."

அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் பழுப்பு அட்டை போட்ட பாடநூல். வெளியே வராந்தாவில் என் பக்கமாக வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"எனக்கு இப்பம் கண்ணு நல்லாத் தெரியுதும்மா" என்றார். சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினார், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக.

செப்டம்பர் 19, வெள்ளி

உத்தரவு வந்தது. எம்.டி.க்கு அபராதம், பதவி விலகல். அவருடைய மகன் வந்துவிட்டார். நிபுணரை நம்பியவர் என்பதால் தணிகாசலத்துக்கு எச்சரிக்கை. நிதி நிபுணராக இருந்தும் நவம்பர் கூட்டத்தில் ஒரு கேள்வியும் எழுப்பாமல் கடமையில் தவறியதற்காக டாக்டர் ஹெப்சிபா சாமுவேலுக்குக் கம்பெனிப் பொறுப்பு வகிக்க மூன்று வருடத் தடை. நாளிதழில் அவருடைய படம் போட்டிருந்தார்கள். கல்லூரி விழா ஒன்றில் எடுத்தது, சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, தாவரவியல் பேராசிரியைக்குத் தணிக்கைக் குழுவில் என்ன வேலை என்று கேட்டிருந்தார்கள்.

அந்தக் குழுவில் இருக்கத் தகுதி இருந்த ஒரே ஆள் அவர்தான். இதை இங்கே மட்டும்தான் எழுத முடிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

கூரியர் வந்தது. அட்டைக்குள் செடித் தாள். கடிதம் இல்லை. தைத்து ஒட்டிய கிளை, இலைகள் பழுப்பாகி, நரம்பு நரம்பாகத் தெரிந்தது. வழியில் காய் வெடித்திருக்கிறது. உறையைப் பிரித்ததும் வெள்ளைப் பஞ்சு வீடெல்லாம் பறந்தது. வலது மூலையில் சீட்டு, அவர் கையெழுத்தில்:

வேலிப்பருத்தி. ஆதிநீர் கிடங்கு, நான்காம் வரிசை, பெட்டிகள் 4471, 4472 இடையே ஊடுருவியது. அடித்தண்டு மூன்று பருவ வளர்ச்சி. 18.10.2023. சேகரித்தவர்: ஹெ. சாமுவேல். உடனிருந்தவர்: வான்மதி.

டைரியை எடுத்து அந்தத் தேதியைத் திறந்தேன். நாள் சரி. வரிசை சரி. எண்கள் சரி. இரண்டு பேர் தனித்தனியாக எழுதியது, ஓர் எழுத்து மாறாமல் ஒத்துப்போகிறது. இதைவிட நல்ல சாட்சியம் எந்தக் குழுவுக்கும் கிடைத்திருக்காது.

தாளை டைரியோடு சேர்த்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். பஞ்சைப் பெருக்கினேன். பெருக்கப் பெருக்கப் பறக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

புது உறுப்பினரின் தன்விவரம் அனுப்பியாயிற்று. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, ஆறு வரி. என் கறுப்புப் பையில் இன்னும் ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டு அலுவலகம் வரை வந்துவிட்டது. எடுத்துக் குப்பையில் போட்டேன்.

மினிட்ஸை மதியமே எழுதி முடித்துவிட்டேன். கூட்டம் வியாழக்கிழமை.